இன்ஸ்பெக்டர் நகரவில்லை

மே 3, ஞாயிறு

சுண்டு கிளம்பிவிட்டாள். அவளுடைய அப்பா காலை ஒன்பது மணிக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூட வேண்டாமென்றார், அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம். விடுமுறையில் பாதி அவரோடு என்பது அவரும் என் மனைவியும் பிரிந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு. மனிதர் நல்லவர்தான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம், உடனே அவரவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோம்.

போகும்போது சுண்டு தன் மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்தாள். அம்மாவிடம் இல்லை, என்னிடம்! காரணம் பாசம் இல்லை. அம்மாவுக்குச் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. பள்ளி திறக்கப்போகும் நேரம் என்பதால் தினமும் ஓவர்டைம். வீட்டுக்கு முதலில் வருகிறவன் நான். இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான இந்தப் பதினோரு மாதத்தில் அந்த ஒன்பது வயதுக்காரி என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் இது.

இன்னும் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க", "உங்களைத்தான்" — இவ்வளவுதான். காது கேட்கிறதா என்று சோதிப்பது என் வேலை. அதனால் தோழிகளிடம் என்னைக் "காதுக்காரர்" என்று சொல்கிறாள் போலிருக்கிறது. நான் காதில் விழாத மாதிரி இருந்துகொள்கிறேன்.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்பது கட்டளைகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஆறு மீன், ஒரு நத்தை. நத்தையின் பெயர் இன்ஸ்பெக்டர். பகல் முழுக்கக் கண்ணாடியில் ஊர்ந்து ரவுண்ட்ஸ் போகிறதாம். ஒன்பதாவது கட்டளை: "தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன். இன்ஸ்பெக்டர் எங்க இருக்கார்னு சொல்லணும்."

மே 6, புதன்

சரியாக ஆறரைக்கு போன்.

"எங்க இருக்கார்?"

"இடது பக்கக் கண்ணாடி. பாதி உயரம்."

"மேல போறாரா, கீழ வராரா?"

"மேல."

"சரி."

வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா, அங்கே பொழுது போகிறதா என்று கேட்பதற்காக நான் எடுத்து வைத்திருந்த கேள்வியெல்லாம் என்னிடமே இருக்கிறது.

மே 9, சனி

தொட்டியைச் சுத்தம் செய்தேன். கிளினிக்கில் ஒவ்வொருவர் காதிலிருந்தும் ஹெட்போனைக் கழற்றியதும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறவன் நான். பச்சைப் பாசி படிந்த கண்ணாடியை ஒரு வாரம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததே பெரிய விஷயம். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, நாலு பக்கமும் ஒரு புள்ளி விடாமல் தேய்த்து, கற்களையும் கழுவி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். ஒன்பது கட்டளை போதாதென்று பத்தாவதை நானே சேர்த்துக்கொண்டேன்.

தொட்டி மின்னுகிறது. சுண்டு வந்து பார்த்தால் அசந்துவிடுவாள்.

மே 10, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் இன்று ரவுண்ட்ஸ் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை.

மே 11, திங்கள்

திங்கட்கிழமையும் போகவில்லை. கற்களுக்கு நடுவே சரிந்து கிடக்கிறது. ஓட்டின் வாயில் சின்ன மூடி ஒன்று உண்டு, சுண்டு அதைக் கதவு என்பாள். அதை இழுத்துச் சாத்திக்கொண்டிருக்கிறது. அது கிடக்கும் இடத்துக்கு நேராக வெளிக்கண்ணாடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

"எங்க இருக்கார்?"

"கீழ. கல்லு பக்கத்துல."

"நேத்தும் அங்கதானே இருந்தார்?"

"ஆமா."

"ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

மே 12, செவ்வாய்

புள்ளியிலிருந்து ஒரு மயிரிழைகூட நகரவில்லை. தட்டிப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். மீனுக்குப் போடும் தீனியை அதன் வாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். மீன்கள் வந்து தின்றுவிட்டுப் போயின.

ஆறரைக்கு போன் வந்தது. நான் சொன்னது: "வலது பக்கக் கண்ணாடி. மேல ஏறிக்கிட்டு இருக்கார்."

ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அப்பாடா" என்றாள் சுண்டு. அவள் குரல் அவ்வளவு லேசாகி நான் கேட்டதே இல்லை. நாப்பத்திரண்டு வயசு ஆளு, ஒரு சின்னப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொல்றேன். வெட்கமா இல்ல?

மே 13, புதன்

வேலை முடிந்து வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கதையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"கண்ணாடியத் தேச்சீங்களா?"

"பளபளன்னு."

"குழாத் தண்ணி அப்படியே ஊத்தினீங்களா?"

"ஆமா."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்தப் பச்சைதான் அதன் சாப்பாடாம். குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்து நத்தைக்கு ஆகாதாம், ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டுமாம். சாப்பாட்டையும் துடைத்து, மருந்துத் தண்ணீரிலும் போட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாமல் அது என்ன செய்யும்? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் தேய்த்துக் கெடுத்தேன்.

"செத்துடுச்சா இல்லையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"மூடி இறுக்கமா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். தளந்து தொங்கினா முடிஞ்சுது. சந்தேகமா இருந்தா மோந்து பாருங்க. செத்த நத்தை நாத்தத்தை ஒரு தடவை மோந்தா ஆயுசுக்கும் மறக்க மாட்டீங்க."

அங்கேதான் இடிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் போன என் மூக்கு இன்னும் திரும்பவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். மூடி இறுக்கமா என்றால், எவ்வளவு இருந்தால் இறுக்கம்? வீட்டுக்கு வந்து பல்குத்தியால் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அது இறுக்கமா, மரணமா?

கடைக்காரர் ஒரு பாட்டிலில், பிடித்து வைத்துப் பழகின தண்ணீர் கொடுத்திருந்தார். இன்ஸ்பெக்டரை அதில் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். போனில் இன்றும் "வலது பக்கம்".

மே 14, வியாழன்

இன்று அதை டப்பாவில் வைத்து கிளினிக்குக் கொண்டுபோனேன். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் சோதனை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். வெளிச்சத்தம் எதுவும் புகாத அறை, ஊசி விழுந்தால் கேட்கும். நத்தைக்கு ஏது சத்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கற்ற வித்தை இது ஒன்றுதான்: அமைதியான இடத்தில் உட்காரவைத்து, அவசரப்படாமல், சின்னதாக ஏதாவது அடையாளம் வருகிறதா என்று காத்திருப்பது. டாக்டர் கதவைத் திறக்கும்வரை எல்லாம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

"என்னப்பா, யாரு பேஷண்ட்?"

சொன்னேன். அவர் காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் டாக்டர். மூக்கும் அவர் துறைதானே என்று, "சார், கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முப்பது வருட அனுபவமுள்ள மனிதர் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குனிந்து மோந்தார்.

"குளத்தங்கரை வாசனைதான் வருது. அழுகின வாசனை இல்ல. நாளைக்கும் கொண்டு வா."

அடுத்த நோயாளி வரும்வரை இருவரும் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மே 15, வெள்ளி

குளத்தங்கரைதான், நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் என்கிறார் டாக்டர். கூடுதல் என்றால்? "அதை நாளைக்குத்தான் சொல்ல முடியும்." நானும் நோயாளிகளின் வீட்டாரிடம் இப்படித்தான் பேசுகிறேன். கேட்பவர் நிலை இன்றுதான் புரிந்தது.

போனில் நாலாவது நாளாகப் பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இன்று அவள் கேட்காமலே, "வெள்ளரிக்காய் போட்டேன், சாப்பிட்டார்" என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்தேன். "எவ்வளவு சாப்ட்டார்?" "பாதித் துண்டு." பழகிவிட்டது பாருங்கள்.

மே 16, சனி

கடைக்குப் போய் இன்னொரு நத்தை வாங்கினேன். அதே அளவு, அதே பழுப்பு. "பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது?" என்று கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். என் சாப்பாட்டு டப்பாவில் போட்டுச் சமையல் மேடையில் வைத்திருந்தேன். வேலையிலிருந்து வந்த மனைவி கழுவலாமென்று அதைத் திறந்துவிட்டாள்.

"ஏங்க, இன்ஸ்பெக்டருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துடுச்சா? இது யாரு, புதுசா சார்ஜ் எடுக்கறவரா?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நத்தை அசையாததை, அஞ்சு நாளாகப் போனில் நான் சொல்லிவருவதை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்களுமா?"

"அவ வருத்தப்படுவாளேன்னுதான்..."

"எங்களுக்கும் அதேதான் காரணம். அவர் வீட்டை விட்டுப் போனப்ப இவளுக்கு அஞ்சு வயசு. வேலை விஷயமா வெளியூர் போயிருக்கார்னு சொல்லி வச்சோம். நானும் சொன்னேன், அவரும் போன்ல சொன்னாரு. ஒரு வருஷம்ங்க. கடைசில பக்கத்து வீட்டுப் பசங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. அழக்கூட இல்ல. இப்பவும் நான் கடைக்குப் போயிட்டு வரேன்னு சொன்னா, திரும்பி வர்ற வரைக்கும் ஜன்னல்ல நிப்பா. கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருக்கிறேன். தெருவை வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மே 17, ஞாயிறு

ஆறரை மணி. எடுத்ததும் நானே சொன்னேன்.

"சுண்டு, இன்ஸ்பெக்டர் ஒரு வாரமா நகரல."

பின்னால் டிவி ஓடும் சத்தம்.

"வலது பக்கம் ஏறுறார்னு சொன்னீங்க?"

"பொய்."

"வெள்ளரிக்காய்?"

"அதுவும் பொய். நான் கண்ணாடியெல்லாம் தேச்சுக் கழுவினேன். அதனாலதான் இப்படி ஆச்சு. தப்பு என் மேலதான்."

"செத்துட்டாரா?"

"தெரியல."

"தெரியலையா, சொல்ல மாட்டேங்கறீங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது.

"நிஜமாவே தெரியல, சுண்டு."

வைத்துவிட்டாள்.

மே 18, திங்கள்

போன் வரவில்லை. எட்டு மணிவரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 19, செவ்வாய்

நான் கிளினிக்கிலிருந்து வரும்போது பூட்டிய கதவுக்கு வெளியே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி சுண்டு. "ரெண்டு நாளா ஒரே அடம். இப்பவே கூட்டிட்டுப் போங்கன்னு" என்றார் அவள் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்தா சரியாயிடும் சார்" என்றார்.

"வாங்கியும் வச்சுட்டேன் சார். சரியாகல."

இந்த முறை இருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டோம்.

அவர் போனதும் சுண்டு கிண்ணத்தின் முன்னால் மண்டியிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மூக்கைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோனாள். "நாறல" என்றாள் தனக்குத்தானே. சுண்டுவிரலை நனைத்து, மூடியின் நடுவில் வைத்து, அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தாள். நான் பல்குத்தியால் தொட்டுத் தொட்டு எடுத்தேன், அவள் விரலை எடுக்கவே இல்லை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது.

மூடி உள்ளே போனது. ஒரு நகத்தின் கனம்தான், ஆனால் போனது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நிஜமா பாத்தீங்களா?"

"நிஜமா பாத்தேன்."

அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. "இருக்கார்" என்றாள்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அலமாரியில் இன்னொரு டப்பா இருந்ததே. எடுத்து வந்து திறந்தேன்.

"இது யாரு?"

"உன்னை ஏமாத்தறதுக்காக வாங்கினது."

டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அது பாவம், அது என்ன பண்ணுச்சு" என்று சொல்லி அதைத் தொட்டியில் விட்டாள். பெயரும் உடனே வைத்துவிட்டாள்: டூப்பு.

மே 21, வியாழன்

இன்ஸ்பெக்டர் இன்று கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு கொம்பை மட்டும் வெளியே நீட்டினார். (நானும் "ஆர்" போட ஆரம்பித்துவிட்டேன்.) வெள்ளரிக்காயைத் தொட்டார், தின்னவில்லை. சுண்டு எனக்கும் தனக்கும் முறை போட்டிருக்கிறாள்: காலை அவள், சாயங்காலம் நான். நான் பார்த்த நேரத்துக்கு என்ன நடந்தது என்று தாளில் எழுத வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்றே எழுத வேண்டும்.

"பச்சைய ஏன் தேச்சீங்க?"

"அழுக்குன்னு நினைச்சேன். நீயும் எழுதி வச்சிருக்கலாமே?"

"யாராவது ஒருத்தர் சாப்பாட்டைத் துடைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான்.

மே 24, ஞாயிறு

காலையில் என்னை எழுப்பினாள். அம்மாவை எழுப்பவில்லை.

"மோந்து பாருங்க."

"எனக்கு மூக்கு வேலை செய்யாது சுண்டு. காய்ச்சல்ல போயிடுச்சு."

"அப்ப இத்தனை நாளா எப்படிப் பாத்தீங்க?"

டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டு மோந்த கதையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அழுதாள். மூடி தளர்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. விரல் வைத்தாள். இந்த முறை நானும் என் விரலை அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து நிமிடம் வைத்திருந்தோம்.

"செத்துட்டார்" என்றாள். அதைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான்.

பால்கனிப் பூந்தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்தப்ப இருந்தார்."

"ஆமா. இருந்தார்."

"நீங்க சொல்லலன்னா, டூப்பைத்தான் இன்ஸ்பெக்டர்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

"ஆமா."

"எனக்கு உங்க மேல இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்."

"எத்தனை நாள் இருக்கும்னு தெரியாது."

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

குளியலறையில் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். ஒரு நத்தைக்காக அழுதேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஜூன் 3, புதன்

பள்ளி திறந்துவிட்டது. கோபம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். தொட்டிக் கண்ணாடியில் பச்சை நன்றாகப் பிடித்திருக்கிறது. என் கை பரபரக்கிறது. பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 20, சனி

சுண்டு சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு தையல் போட வேண்டும், அதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி என்றார்கள். ஊசியைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டாள்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்மா இருக்கும்" என்றார் நர்ஸ்.

"ஒண்ணுமே தெரியாதுடா கண்ணு" என்றாள் அம்மா.

சுண்டு இரண்டு பேரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. வலிக்குமா?"

மனைவி என்னைக் கண்ணால் மிரட்டினாள். நான் என்ன செய்ய?

"வலிக்கும். ஊசி உள்ள போறப்ப நல்லாவே வலிக்கும். அப்புறம் பத்து எண்றதுக்குள்ள மரத்துப் போயிடும்."

"என்னங்க இது, அப்பாவே இப்படிக் குழந்தையைப் பயமுறுத்தினா எப்படி?" என்றார் நர்ஸ்.

"இவர் எங்க அப்பா இல்ல" என்றாள் சுண்டு. "ஆனா இவர் பொய் சொன்னாக்கூட அப்புறம் வந்து ஒத்துக்குவார்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சுண்டு காலை நீட்டினாள். என் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, சத்தமாக எண்ணினாள். பத்து தாண்டியது. பன்னிரண்டு. பதினாலில் நிறுத்திக் கண்ணைத் திறந்தாள்.

"பத்துன்னு சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"பரவால்ல" என்றாள். நாலு தையலும் போட்டு முடிக்கும்வரை விரலை விடவில்லை.